வியாதிக்குப் பேர் தெரியாமல் பத்து வருஷம் ஓட்டுவது எப்படி?

வீரசோழன், நரிக்குடி, திருச்சுழி பக்கத்து வாசகர்களுக்கு இந்தக் கையேடு அவசியமே இல்லை. பாதிப் படியை நீங்கள் ஏற்கெனவே ஏறியாகிவிட்டது. ஆனால் ஏனோதானோவென்று ஏறினால் நடுவில் எவராவது ஒரு டாக்டர் கையைப் பிடித்து நிறுத்தி, வியாதி இன்னதென்று சொல்லிவிடுவார். அந்த ஆபத்து வராமல் முறைப்படி போக வேண்டும். உடம்பில் எல்லாம் நடக்கட்டும், அதற்குப் பேர் மட்டும் கிடைத்துவிடக் கூடாது.

இதற்கென்றே அமைந்த வியாதி ஒன்று உண்டு. மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்கிறார்கள். பம்புசெட்டுக்குப் போகிற ஒயரின் ரப்பரை எலி கடித்துவைத்தால் மோட்டார் ஒரு நாள் ஓடும், ஒரு நாள் உறுமும், ஒரு நாள் படுத்துவிடும் அல்லவா? மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளுக்கு அப்படி ஓர் உறை, மையலின் என்று பேர். உடம்பைக் காக்க வேண்டிய காவல்படையே ஆள் தெரியாமல் அந்த உறையைக் கடித்துவைக்கிறது. கடித்த இடத்தைப் பொறுத்துக் கண் மங்கும், கால் மரக்கும், நடை தள்ளும், ஒன்றுக்கை அடக்க முடியாது. சில வாரத்தில் பெரும்பாலும் தானே தேறும். அப்புறம் வேறொரு இடம். 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குவதுதான் அதிகம். ஆண்களைப் போல இரண்டு மூன்று பங்கு பெண்களுக்கு வருகிறது. ஐரோப்பாவோடு பார்த்தால் நம் நாட்டில் குறைவு. குறைவாக இருப்பதால் யாருக்கும் சட்டென்று ஞாபகம் வராது. நமக்கு அதுவே முதல் சகாயம்.

படி 1. கண்ணில் தொடங்குங்கள், பழியைக் கரிமூட்டத்தின் மேல் போடுங்கள்

வேலிக்கருவை வெட்டி அடுக்கி, மண் பூசி, மூட்டத்துக்குத் தீ வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். இடது கண்ணில் ஒரு புகை. கண்ணைத் திருப்பினால் உள்ளே வலிக்கிறது. களத்தில் காய்கிற மிளகாய் வத்தலை வலது கண்ணால் பார்த்தால் ரத்தச் சிவப்பு. இடது கண்ணால் பார்த்தால் நாலு தரம் துவைத்த சேலை மாதிரி வெளுத்துக் கிடக்கிறது.

கண் நரம்பு வீங்கினால் முதலில் கெடுவது சிவப்பு நிறம். கண் டாக்டர்கள் ஒரு சிவப்பு மூடியைக் காட்டி, இரண்டு கண்ணுக்கும் ஒரே மாதிரி தெரிகிறதா என்று கேட்பது அதனால்தான். உங்கள் களத்தில் சிவப்பு மூடி குவியல் குவியலாகக் காய்கிறது. தயவுசெய்து ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்துவிடாதீர்கள். "கரிப்புகை பட்டுச் சூடு ஏறிப்போச்சு" என்று மதினி சொல்வார். நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் வைத்துக் கட்டுங்கள். ஐந்தாறு வாரத்தில் பார்வை திரும்பும். பூவுக்கு நன்றி சொல்லிவிட்டு இந்த விஷயத்தைச் சுத்தமாக மறந்துவிடுங்கள். ரொம்ப முக்கியம், மறப்பது. நாலு வருஷம் கழித்து ஒரு டாக்டர், "இதுக்கு முன்னாடி கண்ணுல எதுவும் வந்துச்சா?" என்று கேட்பார். "இல்லைங்க சார்" என்று நெஞ்சறியச் சொல்ல வேண்டுமே!

படி 2. வெயிலைக் குற்றவாளியாக்குங்கள்

ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஊட்டாஃப் என்ற கண் மருத்துவர், சில நோயாளிகள் நடந்து களைத்தால் பார்வை மங்குவதையும் ஓய்வெடுத்தால் தெளிவதையும் 1890இல் எழுதிவைத்தார். உடம்பு சூடாவதே காரணம் என்பது பிறகு தெரிந்தது. உறை போன நரம்பில் சூடு ஏறினால் சேதி போய்ச் சேராது. ஒரு காலத்தில் வெந்நீர்த் தொட்டியில் ஆளை உட்கார வைத்துப் பார்வை மங்குகிறதா, கால் துவள்கிறதா என்று சோதித்தே இந்த நோயைச் சந்தேகித்தார்கள்.

நமக்குத் தொட்டிச் செலவு கிடையாது. சித்திரை, வைகாசியில் வீரசோழன் முழுக்க அந்தத் தொட்டிதான். பதினோரு மணி வெயிலில் கால் பின்னும். சாயங்காலம் குளிர்ந்த தண்ணீர் நாலு செம்பு ஊற்றினால் சரியாகிவிடும். இந்த ஒரு வாக்கியத்தை அப்படியே டாக்டரிடம் சொன்னால் அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். ஆகவே சொல்லாதீர்கள். "அக்னி நட்சத்திரத்துல எல்லாருக்கும் அப்படித்தான" என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் வியர்க்கிறது, உங்களுக்கு மட்டும் கண் மறைக்கிறது என்பதைப் பக்கத்து வீட்டில் விசாரிக்கவும் வேண்டாம்.

படி 3. சிவப்பு ஊசி

எந்தப் பரிசோதனைக்கும் முன்னால் ஊசி. எந்த ஊசி என்று கேட்காதீர்கள், மரியாதைக் குறைவு. கை கால் மரப்புக்கென்று போடுகிற சிவப்பு நிற ஊசியில் இருப்பது பெரும்பாலும் பி12 சத்து. பி12 குறைந்தாலும் தண்டுவடம் கெடும், பாதம் மரக்கும், இருட்டில் நடை தள்ளும். பார்ப்பதற்கு இந்த நோயின் பெரியம்மா மகள் மாதிரி இருக்கும். ரத்தத்தில் பி12 எவ்வளவு என்று பார்த்தால் ஒரு வழக்கு அன்றைக்கே முடிந்துவிடும். அதனால் முதலில் ஐந்து ஊசி போட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் ரத்தம் கொடுங்கள். அளவு அம்சமாக நிறைந்திருக்கும். குறைவு இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

கூடவே ஸ்டீராய்டு ஒன்றும் போட்டுக்கொண்டால் வேலை சுத்தம். வீக்கம் வடியும், ரெண்டு நாள் குதிரை மாதிரி நடப்பீர்கள். மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்தால் மின்ன வேண்டிய புதுத் தழும்பு மின்னாமல் போகலாம். திருடனைப் பிடிக்க நாய் வருவதற்குள் வாசலைச் சாணி போட்டு மெழுகிவிட்டோம், அவ்வளவுதான். நரம்பு டாக்டர்களும் இதே வகை மருந்தைத்தான் கிராம் கணக்கில் மூன்று முதல் ஐந்து நாள் ஏற்றுகிறார்கள். ஆனால் அவர்கள் என்ன கொடுத்தோம், எப்போது கொடுத்தோம் என்று எழுதிவைக்கிற கெட்ட பழக்கம் உள்ளவர்கள்.

படி 4. கடைசியாகப் பார்த்தவருக்கே கிரீடம்

இந்த நோயின் மகத்தான குணம், தானாக இறங்குவது. இதை நீங்கள் முழுதாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். முதல் வாரம் மருந்துக்கடையில் மாத்திரை. இரண்டாம் வாரம் எண்ணெய்த் தடவல். மூன்றாம் வாரம் "நரம்புத் தளர்ச்சிக்கு நிரந்தரத் தீர்வு" என்று பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருப்பவர். (அந்தத் தளர்ச்சி வேறு என்பது லாட்ஜ் மாடி ஏறிய பிறகுதான் தெரியும். அதனாலென்ன, சூரணம் சூரணம்தான்.) ஐந்தாம் வாரம் கோடாங்கி. அவர் உடுக்கை அடித்து, "உச்சிப்பொழுதுல கண்மாய்க்கரைப் பக்கம் பயந்திருக்கா" என்பார். ஆறாம் வாரம் கால் சரியாகிவிடும்.

யார் குணப்படுத்தியது? கோடாங்கிதான், சந்தேகமென்ன. கண்மாய் தானே வற்றுகிற மாதத்தில் மடையைத் திறந்தவன் கெட்டிக்காரன். அடுத்த தடவை வரும்போது வரிசையை மாற்றுங்கள், இந்த முறை சூரணத்துக்குப் பேர் வரட்டும். இப்படிச் சுழற்சி முறையில் எல்லாருக்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்தால் ஊர் ஒற்றுமையும் காப்பாற்றப்படும்.

படி 5. டாக்டரிடம் வாய் திறக்கும் கலை

ஒரு நாள் எப்படியும் மதுரைக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். பயப்பட வேண்டாம். பஸ் மாறி, அருப்புக்கோட்டை தாண்டி, மாட்டுத்தாவணியில் இறங்கி, டோக்கன் வாங்கி, நாலு மணி நேரம் காத்திருந்து உள்ளே போனால் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிஷம். அதை வீணாக்குவது ரொம்பச் சுலபம்.

"என்னம்மா செய்யுது?"

"உடம்பே சரியில்ல சார்."

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளா."

பாருங்கள், ஒன்றரை நிமிஷம் போயிற்று. இதற்குமேல் நீங்கள் பேசக் கூடாது. கூட வந்த மாமா பேசட்டும். அவர் உங்கள் கல்யாணத்திலிருந்து தொடங்குவார்.

நல்ல டாக்டராக இருந்தால் வினோதமான கேள்வி ஒன்று கேட்பார். "நடக்கறப்ப செருப்பு கழண்டு போகுதா? கழண்டது உங்களுக்குத் தெரியுதா, தெரியாம நாலடி போயிருக்கீங்களா?" செருப்புக்கும் வியாதிக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களுக்குச் சிரிப்பு வரும். தெரிந்து கழன்றால் காலில் பலக்குறைவு. தெரியாமல் கழன்றால் பாதத்தின் உணர்ச்சி மேலே போய்ச் சேரவில்லை. ஒரு ஹவாய்ச் செருப்பில் கோளாறு பலத்திலா உணர்ச்சியிலா என்று பிரித்துவிடுகிறார் மனிதர். "முகம் கழுவக் குனிஞ்சு கண்ண மூடினா தள்ளுதா?" என்றும் கேட்பார். "வாசல் பெருக்கத் தலையைக் குனிஞ்சா முதுகுல கரண்டு இறங்குற மாதிரி இருக்கா?" என்பார். இருக்கும். ஆறு மாதமாக இருக்கும். துடைப்பத்தை எடுக்கும்போதெல்லாம் சுரீரென்று குதிகால் வரை ஓடும். ஆனால் ஆம்பளைகள் நிற்கிற இடத்தில் வாசல் பெருக்குகிற கதையெல்லாம் எதற்கு? "அப்படியெல்லாம் இல்ல" என்று சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றிலும் கவனமாக மறைக்க வேண்டியது ஒன்றுக்குப் போகிற விஷயம். பஸ் நரிக்குடி தாண்டுவதற்குள் முட்டிக்கொண்டு வருகிறது, சேலை நனைந்துவிடுமோ என்று முந்தின இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வந்திருக்கிறீர்கள். தண்டுவடம் கெட்டிருப்பதற்கு அது பெரிய தடயம். மாமா முன்னால் அதைச் சொல்வதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். சொல்லாதீர்கள். டாக்டரும் மாமாவை வெளியே போகச் சொல்லாதவராக அமைந்துவிட்டால் உங்கள் அதிர்ஷ்டம். "டென்ஷன், சத்துக் குறைவு" என்று எழுதி மூன்று மாதத்துக்கு மாத்திரை தருவார்.

டென்ஷன் என்று எழுதப்பட்டால் கூச்சப்பட வேண்டாம், நல்ல சகவாசம்தான். உலகமே கொண்டாடிய செல்லோக் கலைஞர் ஜாக்குலின் டூ ப்ரேவுக்கு விரல்களில் உணர்ச்சி போனபோது முதலில் மனசுதான் காரணம் என்று பேசப்பட்டது. வியாதியின் பேர் 1973இல்தான் வந்தது. லண்டனில் அவருக்கே அப்படியென்றால் வீரசோழனில் உங்களுக்கு என்ன அவசரம்?

படி 6. எதையும் எழுதிவைக்காதீர்கள்

இதில் ஒரு பரிதாபமான முன்னுதாரணம் உண்டு. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பேரன் அகஸ்டஸ் டெஸ்டே. 1822இல் நெருங்கிய ஒருவரின் இறுதிச் சடங்குக்குப் போய்வந்த பிறகு அவர் கண் மங்கியது. கடிதத்தை வேறொருவர் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. தானே சரியானது. அப்புறம் கால், அப்புறம் மூத்திரம், அப்புறம் நடை. டாக்டர்கள் அவருக்குச் சொன்ன வைத்தியத்தில் இரண்டு வேளை மாட்டுக்கறியும் ஒயினும் அடக்கம். நம் படி 4ஐ ராஜ வம்சமும் ஏறியிருக்கிறது.

ஆனால் மனிதர் ஒரு தப்புச் செய்தார். எந்த மாதம் என்ன நடந்தது, எத்தனை நாளில் தேறியது என்று இருபது வருஷத்துக்கு மேல் குறிப்பு எழுதிவைத்தார். 1848இல் இறந்தார். பாரிஸில் ஷார்கோ என்ற மருத்துவர் இந்த நோயைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டியது 1868இல்தான். ஆகவே உயிரோடு இருந்தவரை பேர் தெரியாமல் வெற்றிகரமாகத் தப்பித்தவர், அந்தக் குறிப்புகளால் செத்தும் மாட்டிக்கொண்டார். நூறு வருஷம் கழித்து, 1948இல், அவர் வழக்கு ஒரு புத்தகமாகவே வந்துவிட்டது. படித்த டாக்டர்கள் எல்லாம் ஒரே வியாதியைச் சொன்னார்கள். நாடித்துடிப்பும் இல்லை, ஸ்கேனும் இல்லை. வெறும் தேதிகள்!

நாற்பது பக்க ரூல் நோட்டின் பயங்கரம் இப்போது புரிகிறதா? பழைய மருந்துச் சீட்டில் பொரிகடலை மடியுங்கள்.

படி 7. ஸ்கேனைப் பாதியாக எடுங்கள், முழுதாகப் படியுங்கள்

இடுப்பில் வலி என்றால் இடுப்பு மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். மூளையையும் கழுத்துத் தண்டுவடத்தையும் சேர்த்து எடுத்தால் எங்கெங்கே தழும்பு என்று தெரிந்துவிடும். தலை எடுத்தாயிற்றென்றால் கழுத்தை விட்டுவிடுங்கள், கழுத்து எடுத்தால் தலையை.

ரிப்போர்ட்டில் கடைசி வரியில், "உறை சிதைவு இருக்கலாம்; நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்கவும்" என்று இங்கிலீஷில் இருக்கும். பொருத்திப் பார்க்க வேண்டியவர் நரம்பு டாக்டர். நீங்கள் அதை ஜெராக்ஸ் கடைத் தம்பியிடம் கொடுங்கள். அவர் செல்போனில் தட்டி, முதலில் வருகிற படத்தில் சக்கர நாற்காலியைப் பார்த்துவிட்டு உங்களை ஒரு பார்வை பார்ப்பார். மூளையில் வெள்ளைப் புள்ளி என்பது ஒற்றைத் தலைவலிக்காரருக்கும் ரத்தக்கொதிப்புக்காரருக்கும், வயசானால் பலருக்கும்கூட இருக்கும். எந்த இடத்தில், எந்த வடிவத்தில் என்பதே கேள்வி. அதெல்லாம் தம்பிக்கு வேண்டாத வேலை. அன்று இரவே வீட்டில் ஒப்பாரி தொடங்கலாம்.

பிலிமைச் சுருட்டித் தகரக் கூரைக்குக் கீழே செருகிவையுங்கள். அடுத்த கோடைக்குள் வெந்து கருத்துவிட்டால், பழசோடு புதுசை ஒப்பிட்டு "இந்தப் புள்ளி புதுசு" என்று சொல்லும் துணிச்சல் எவருக்கும் வராது.

படி 8. முதுகில் ஊசியா, மூச்!

"தண்டுவடத்துல தண்ணி எடுத்தா கால் விளங்காமப் போயிரும்" என்று அப்பத்தா சொல்வார். தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது, ஊசி போடுவது அதற்கும் கீழே, இரண்டு மூன்று நாள் தலைவலிதான் வழக்கமான தொந்தரவு என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினாலும் அப்பத்தா பக்கமே நில்லுங்கள். அந்த நீரில் சில புரதக் கோடுகள் தெரிந்தால் இந்த நோய்க்குச் சாட்சி வலுக்கும். காசநோய்க் கிருமியின் தடயமும் அங்கேதான் மாட்டும். நம் பக்கத்தில் டி.பி. அபூர்வமில்லை. டி.பி. என்றால் குணமாக்கவும் முடியும். எனவே எக்காரணம் கொண்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

படி 9. கிடைத்த முதல் பேரைக் கட்டிக்கொள்ளுங்கள்

இத்தனைக்கும் பிறகு யாராவது ஒருவர், "எம்.எஸ்.ஸாக இருக்கலாம்" என்று சொல்லித் தொலைப்பார். அந்த "கலாம்"தான் நம் கடைசி நம்பிக்கை. அதை நறுக்கி எறிந்துவிட்டு, "எம்.எஸ்.ஸாம்" என்று ஊர் முழுக்கச் சொல்லுங்கள்.

ஏன் அந்த மனிதர் மாட்டுத் தரகர் துண்டுக்குள் விரல் பிடிப்பதுபோல மூடி மூடிப் பேசுகிறார்? ஒரே ஒரு சோதனையில் "ஆமாம்" என்று சொல்லுகிற வியாதி இல்லை இது. நியூசிலாந்தில் பிறந்த நரம்பியலாளர் இயன் மெக்டொனால்ட் பேரில் 2001இல் ஒரு விதித்தொகுப்பு வந்தது. 2005, 2010, 2017, 2024 என்று திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். நரம்பு மண்டலத்தில் வேறு வேறு இடத்தில் வந்திருக்க வேண்டும், வேறு வேறு காலத்தில் வந்ததற்கும் அடையாளம் இருந்தால் சாட்சி வலுக்கும், வேறு காரணம் எதுவும் பொருந்தக் கூடாது. அடிநாதம் இதுதான். ஒரு நாளாவது நீடித்தால்தான் ஒரு தாக்குதல் என்று கணக்கு. இரண்டுக்கும் நடுவே முப்பது நாளாவது இடைவெளி வேண்டும். கரிமூட்டத்துக் கண்ணும் மாட்டுத்தாவணிக் காலும் ஒரே ஆளுடையவை என்று எவராவது கோத்துச் சொன்னால் பாதி வழக்கு அங்கேயே முடியும். கோக்க நூல் வைத்திருப்பவர் நீங்கள் ஒருவர்தான். அதைத்தான் படி 1இலேயே தொலைத்துவிட்டோமே!

இன்னொன்று. ஆசியாவில் இந்த நோயின் வேஷத்தில் வருகிற வேறொன்று உண்டு, நியூரோமையலிட்டிஸ் ஆப்டிகா. அதுவும் கண், அதுவும் தண்டுவடம். பல காலம் இரண்டையும் ஒன்றாகவே குழப்பினார்கள். 2004இல் அதற்கென ஒரு ரத்தப் பரிசோதனை பிறந்தது. எம்.எஸ்.ஸுக்கு நல்லது செய்யும் சில மருந்துகள் அதை இன்னும் மோசமாக்கும். ஆகவே அந்தப் பரிசோதனையைக் கேட்காதீர்கள். "சென்னையில ஒருத்தருக்கு இந்த மாத்திரைதான் குடுத்தாங்களாம், அதையே எழுதுங்க சார்" என்று உரிமையோடு சொல்லுங்கள்.

பேர் சரியாக, எழுத்தில் கிடைத்துவிட்டால் வருகிற தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஒப்புக்கொள்ளும் 21 வகைகளில் இது ஒன்று. சான்றிதழ், உதவித்தொகை மனு, காப்பீட்டுத் திட்ட விசாரணை என்று விருதுநகருக்கு அலைய வேண்டிவரும். அடுத்த தாக்குதலைத் தள்ளிப்போடும் மருந்தையும் தொடங்கிவிடுவார்கள். "சும்மா நடிக்கிறா" என்று சொல்லிக்கொண்டிருந்த மாமியார் வேறு பேச்சுத் தேட வேண்டிய நிலைமைக்குத் தள்ளப்படுவார். இத்தனை பேருக்குச் சிரமம் கொடுப்பது நியாயமா?

திருச்சுழியில் 1879இல் பிறந்த ஒரு பிள்ளை "நான் யார்?" என்று கேட்டு மலையடிவாரத்தில் உட்கார்ந்து உலகப் புகழ் பெற்றார். உங்கள் கேள்வி அதில் கால்வாசி கூட இல்லை. "எனக்கு என்ன?" அவ்வளவுதான். அதற்கே நான் ஒன்பது படி கட்ட வேண்டியிருக்கிறது.

படி 10. "ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்பவரை விட்டு ஓடுங்கள்

ஒரு டாக்டர் எல்லாவற்றையும் கேட்பார். மாமாவை வெளியே நிற்கச் சொல்வார். சாவியால் உள்ளங்காலில் கீறுவார், பெருவிரல் மேலே போகிறதா என்று பார்ப்பார். கடைசியில், "இப்போதைக்கு உறுதியாச் சொல்ல முடியாதும்மா. புதுசா எது வந்தாலும் தேதி குறிச்சு வைங்க. ஆறு மாசத்துல இன்னொரு ஸ்கேன் பாப்போம்" என்பார். அவர்தான் ஆபத்தான ஆள். உண்மையைச் சொல்லிவிட்டார். "இவருக்கே தெரியலையாம்" என்று மாட்டுத்தாவணி வரை பேசிக்கொண்டே வந்து, அடுத்த வாரம் வேறு டாக்டரிடம் போய்ப் படி 5இலிருந்து தொடங்குங்கள். பழைய சீட்டைக் காட்டினால் கோபித்துக்கொள்வார், வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

ஒரே ஒரு பாக்கி. அடுப்படிச் சுவரில் ஜவுளிக்கடை மாதக் காலண்டர் தொங்குகிறதே, பால் கணக்கு எழுதுகிற காலண்டர், அதைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். எட்டாம் வகுப்புப் படிக்கிற உங்கள் மகள் அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று குறித்த கட்டங்களுக்கு நடுவே பென்சிலால் எழுதியிருப்பாள். ஆனி 12, அம்மாவுக்குக் கண் தெரியல. ஆடி 20, கண் சரி. மாசி 3, அம்மா செருப்பில்லாம வந்துச்சு, கேட்டா தெரியலன்னுச்சு. பங்குனி 9, அம்மா பெருக்கும்போது கத்துச்சு.

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாக எழுதியிருக்கிறாள். திட்டாதீர்கள், பிள்ளை பயந்துவிடும். வருஷம் முடிந்ததும் தாள்களைக் கிழித்து அவள் நோட்டுகளுக்கே அட்டை போட்டுக் கொடுங்கள். எழுத்து இருக்கிற பக்கம் உள்ளே போகும்படி மடியுங்கள்.